சின்னம்மை வந்துபோன உடம்பில் அக்கி எப்படி வருகிறது? இத்தனை வருடம் வைரஸ் எங்கே இருந்தது?

வைகைக்கரை எழுதியது:

அப்பாவுக்கு 63 வயது. இடது விலாவில் எரிச்சல் என்றார். வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று தைலம் தேய்த்தோம். அப்புறம் பார்த்தால் முதுகிலிருந்து மார்பு வரை ஒரே பட்டையாகக் கொப்புளங்கள். டாக்டர் பார்த்தவுடனே அக்கி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இப்போது தேவலை.

என் சந்தேகம் வேறு. சின்ன வயதில் அவருக்குச் சின்னம்மை போட்ட அதே வைரஸ்தான் இது என்கிறார் டாக்டர். அம்மை ஒருமுறை வந்தால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும், மறுபடி வராது என்றுதானே நமக்குப் பள்ளியில் சொன்னார்கள்? நினைவு இருக்கிறது என்றால் அரை நூற்றாண்டாக உள்ளேயே குடியிருந்த வைரஸை ஏன் விட்டுவைத்தது? நோய் எதிர்ப்பு மண்டலம் அவ்வளவு ஏமாளியா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

கொங்குதேன் எழுதியது:

எங்கள் பக்கம் அக்கிக்கு எழுதுவார்கள். குயவர் வீட்டில் செங்காவி கரைத்து கொப்புளத்தின் மேல் எழுதிவிட்டால் சீக்கிரமே இறங்கிவிடும். என் பாட்டிக்கு அப்படித்தான் குணமானது. மாத்திரை எல்லாம் கிடையாது.

இரவுப்பணி எழுதியது:

எழுதுவதால் பெரிய கெடுதல் இல்லை கொங்குதேன், அதற்குள் நேரம் போய்விடுகிறதே, அதுதான் கெடுதல். அக்கிக் கொப்புளம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். அதனால் யார் என்ன செய்தாலும் பலித்த மாதிரிதான் தெரியும். ஆனால் கொப்புளம் போன பிறகும் மாதக்கணக்கில் நிற்கிற நரம்பு வலி இருக்கிறதே, வயதானவர்களை முடக்கிப் போடுவது அதுதான். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் வகை மாத்திரைகளைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று நாங்கள் அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். பார்வை போகக்கூடிய விஷயம். சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் கொப்புள நீர் அவர்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் அவர்களுக்கு அக்கி வராது, சின்னம்மை வரும்.

வைகைக்கரை கேட்டதற்கு நுண்ணோக்கி வரட்டும். அவர் ஆய்வகத்துக்காரர்.

நுண்ணோக்கி எழுதியது:

வந்துவிட்டேன்.

சின்னம்மைக் கொப்புளம் தோலில் இருக்கும்போதே வைரஸ் உணர்வு நரம்புகளின் நுனி வழியாக மேலேறி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முகத்துக்கான முடிச்சு மண்டைக்குள் இருக்கிறது, அங்கேயும் போகும். போன இடத்தில் அது பெருகுவதில்லை. அதன் டி.என்.ஏ. மட்டும் நரம்பு செல்லின் உட்கருவுக்குள் ஒரு வளையமாகக் கிடக்கிறது. சுமார் 70 மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாமே அணைந்திருக்கும்.

இந்த நிலையில் அதைக் கண்டுபிடிக்க உடம்புக்கு வழி இல்லை. எதிர்ப்பொருள் என்கிற ஆன்டிபாடி ரத்தத்திலும் திசு நீரிலும் சுற்றும், செல்லுக்குள் இப்படிக் கிடப்பதைத் தொடாது. டி செல் என்கிற ரத்த வெள்ளணு செல்லுக்குள் நடப்பதை அறியக்கூடியதுதான், ஆனால் அதற்கு வைரஸ் ஏதாவது ஒரு புரதத்தையாவது செய்தாக வேண்டும். புரதமே செய்யாமல் கிடந்தால்? போதாததற்கு, நரம்பு செல் செத்தால் அந்த இடத்துக்கு வேறு செல் வராது. அதனால் சந்தேகப்பட்டவுடன் கொல்லும் வழக்கம் அந்த இடத்தில் குறைவு. பதுங்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு முடிச்சு தோலின் ஒரு பட்டையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. எந்த முடிச்சில் வைரஸ் எழுகிறதோ அந்தப் பட்டையில், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளம் வரும். அப்பாவுக்கு முதுகிலிருந்து மார்பு வரை வந்ததன் காரணம் இதுதான்.

இந்தக் கதையைக் கோத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு சாதாரண ஊர் டாக்டர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை வருடக்கணக்கில் குறித்துவைத்து 1965இல் எழுதினார். அக்கி வெளியிலிருந்து தொற்றுவது இல்லை, உள்ளே உறங்கியது எழுவது. எதிர்ப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்போது எழுகிறது என்றார். அந்த அடிப்படை இன்றைக்கும் நிற்கிறது.

ஆக, வைகைக்கரை, நினைவு ஏமாறவில்லை. வைரஸ் அவ்வப்போது தலையெடுக்கப் பார்த்திருக்கும், டி செல்கள் அமுக்கியிருக்கும். வயதாக ஆகக் குறைவது இந்த டி செல் பலம்தான். எதிர்ப்பொருள் அளவு நன்றாக இருப்பவருக்கும் அக்கி வருவது இதனால்தான். உறுப்பு மாற்று செய்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இளவயதிலேயே வருவதும் இதே கணக்கு.

வைகைக்கரை எழுதியது:

அருமை. அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறதாமே? அது உள்ளே கிடக்கும் வைரஸைக் கொன்றுவிடுமா?

நுண்ணோக்கி எழுதியது:

கொல்லாது. வைரஸின் ஒரே ஒரு புரதத்தை, டி செல்லைப் பலமாக உசுப்பும் துணைப்பொருளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். குறைந்துபோன பலத்தை மறுபடி ஏற்றுவது மட்டும்தான் வேலை. அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது, இந்தியாவில் 2023இலிருந்து கிடைக்கிறது. இரண்டு ஊசி. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு தந்தது. விலைதான் கடிக்கும். அப்பாவுக்கு எப்போது போடலாம் என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

சந்தேகப்பிராணி எழுதியது:

பதுங்கிக் கிடப்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இணையம் முழுக்க "வைரஸ் நோய் எதிர்ப்பை ஏமாற்றுகிறது", "திட்டம் போடுகிறது" என்று அளக்கிறார்களே, அதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. மூளை கிடையாது, உயிர் இருக்கிறதா என்பதே சண்டை. இது எப்படி ஏமாற்றும்? சும்மா கிடந்தது என்பதற்கு மேல் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

நுண்ணோக்கி எழுதியது:

நிறையவே இருக்கிறது. திட்டம் எதுவும் இல்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். எந்த வைரஸிடம் தற்செயலாக ஒரு பயனுள்ள மரபணு இருந்ததோ அதன் வாரிசுகள் மிஞ்சின. பல கோடி வருடம் இப்படியே ஓடியிருக்கிறது. விளைவைப் பார்த்தால்தான் திட்டம் போட்ட மாதிரி தெரிகிறது.

அக்கி வைரஸின் உறவுக்காரன் ஒன்று இருக்கிறது, சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமாக சி.எம்.வி. இந்த இழையைப் படிக்கும் பெரும்பாலானோர் உடம்பில் இப்போது அது இருக்கும், தெரியவே தெரியாது. இந்த விஷயத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

முதலில் உடம்பு எப்படிச் சோதிக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களில் கொஞ்சத்தை நறுக்கி, அந்தத் துண்டுகளை எம்.ஹெச்.சி. என்ற புரதத்தில் வைத்துத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். டி செல் அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தே உள்ளே என்ன வேகிறது என்று தெரிந்துகொள்ளும். வைரஸ் துண்டு என்றால் செல்லையே கொன்றுவிடும்.

சி.எம்.வி. இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் கை வைக்கிறது. நறுக்கிய துண்டுகளை உள்ளே கொண்டுசேர்க்கும் கடத்திப் புரதத்தை யு.எஸ்.6 என்ற வைரஸ் புரதம் அடைக்கிறது. துண்டு ஏறிய எம்.ஹெச்.சி.யை மேற்பரப்புக்குப் போகவிடாமல் யு.எஸ்.3 பிடித்துவைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தவை யு.எஸ்.2, யு.எஸ்.11 இரண்டும்தான். புதிதாகச் செய்த எம்.ஹெச்.சி.யை எண்டோபிளாச வலையிலிருந்து (செல்லுக்குள் இந்தப் புரதங்கள் தயாராகும் இடம்) வெளியே இழுத்துப்போட்டு, செல்லின் சொந்தக் கழிவு அரைக்கும் எந்திரத்துக்கே தள்ளிவிடுகின்றன. ஓரிரு நிமிடத்தில் காலி. 1996இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தபோது இன்னொன்றும் சேர்ந்து விளங்கியது. பழுதான புரதங்களை நம் செல் எப்படி வெளியே எடுத்து அழிக்கிறது என்பது அதுவரை தெளிவாகத் தெரியாது. அந்த வழியை வைரஸ் காட்டிக்கொடுத்தது.

சரி, எம்.ஹெச்.சி.யே இல்லாத செல்லை உடம்பு சும்மா விடுமா? விடாது. எதிர்ப்புச் செல்களில் என்.கே. செல் என்று இன்னொரு ரகம் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் கிளாஸ் கேர் என்பவர் குழு 1986இல் காட்டியது இது: இருக்க வேண்டிய எம்.ஹெச்.சி. காணோம் என்றாலே என்.கே. செல் அந்த செல்லைக் கொன்றுவிடும். அதாவது டி செல்லிடம் தப்பிக்க எம்.ஹெச்.சி.யை அழித்தால் என்.கே. செல்லிடம் மாட்ட வேண்டும். பாதுகாப்பு இரண்டு அடுக்கு.

இங்கே சி.எம்.வி. செய்வதைப் பாருங்கள். யு.எல்.18 என்று எம்.ஹெச்.சி. மாதிரியே ஒரு போலிப் புரதத்தைச் செய்து செல்லின் மேல் நிறுத்துகிறது. என்.கே. செல்லின் மேல் அதைத் தடுக்கும் கைப்பிடி (ஏற்பி) ஒன்று உண்டு, அதை இந்தப் போலி அசலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கிறது. அது போதாதென்று யு.எல்.40 என்ற இன்னொன்று. "எல்லாம் சுகம்" என்று என்.கே. செல்லுக்குச் சொல்லும் ஒரு துண்டு நம் உடம்பில் உண்டு, ஒன்பது அமினோ அமிலம் நீளம். அதே ஒன்பதையும் அதே வரிசையில் இந்த வைரஸ் புரதம் வைத்திருக்கிறது. இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சந்தேகப்பிராணி எழுதியது:

ஒன்பதும் அப்படியேவா? சரி, வாபஸ். ஆனால் இவ்வளவு கெட்டிக்கார வைரஸ் எல்லோர் உடம்பிலும் இருந்தால் நாம் எல்லோரும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா? எங்கேயோ இடிக்கிறது.

நுண்ணோக்கி எழுதியது:

இடிப்பது சரியான இடத்தில்தான். அத்தனை தந்திரமும் சேர்ந்து அதற்குக் கிடைப்பது நேரம் மட்டுமே, வெற்றி கிடையாது. சி.எம்.வி. உள்ளவர்களின் நினைவு டி செல்களை எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாகச் சுமார் 10 சதவீதம் இந்த ஒரே வைரஸுக்காக நிற்கின்றன. வாழ்நாள் முழுக்க அவ்வளவு படையை நிறுத்தித்தான் உடம்பு அதை அடக்கி வைத்திருக்கிறது. சிறுநீரகம் மாற்றியவருக்கு எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்தவுடன் அதே வைரஸ் நுரையீரல், குடல், கண் என்று புகுந்துவிடுகிறது. கர்ப்பத்தில் குழந்தைக்குப் போனால் காது கேளாமல் போகலாம்.

உடம்பும் சும்மா இல்லை. எலிகளுக்கு வரும் சி.எம்.வி.யில் எம்.157 என்று ஒரு போலிப் புரதம் இருக்கிறது. சில ரக எலிகளில் அது என்.கே. செல்லைத் தடுக்கும் கைப்பிடியில் ஒட்டி வைரஸைக் காப்பாற்றுகிறது. வேறு சில ரகங்களில் அதே போலியைப் பிடித்தவுடன் என்.கே. செல்லை ஏவிவிடும் கைப்பிடி உருவாகியிருக்கிறது! வேஷமே அடையாளமாகிவிட்டது. இதை 2002இல் கண்டுபிடித்தார்கள். ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் மாறி மாறி வருகிறார்கள், கடைசி ஆட்டம் என்று ஒன்று இல்லை.

கொங்குதேன் எழுதியது:

இதையெல்லாம் படித்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அம்மை இயற்கையாக வந்து போகட்டும், உடம்பு அதோடு மோதி மோதி உறுதியாகும். எங்கள் காலத்தில் மணல்வாரி என்கிற தட்டம்மை எல்லாப் பிள்ளைக்கும் வந்தது. வேப்பிலையும் இளநீரும்தான். தேறி வந்த பிள்ளைகள் இரும்பு மாதிரி இருந்தார்கள்.

இரவுப்பணி எழுதியது:

கொங்குதேன், தேறி வந்தவர்களைத்தான் நாம் பார்த்தோம். வராதவர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

மணல்வாரியைப் பற்றி இந்த வாதம் செய்யவே முடியாது. வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் 1908இலேயே ஒரு விசித்திரத்தை எழுதிவைத்தார். காசநோய்க் கிருமி உடம்பில் இருக்கும் குழந்தைக்குத் தோலில் டியூபர்குலின் (அந்தக் கிருமியிலிருந்து எடுத்த சாறு) வைத்தால் தடிக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு மணல்வாரி வந்திருக்கும் நாட்களில் தடிக்கவில்லை. உடம்பு தன் பழைய எதிரியையே மறந்துவிட்டது.

காரணம் தெரிய அடுத்த நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. மணல்வாரி வைரஸ் உள்ளே நுழையப் பிடிக்கும் கைப்பிடிகளில் ஒன்று நினைவு பி செல், நினைவு டி செல்களின் மேலேயே இருக்கிறது. அதாவது பழைய நோய்களின் ஞாபகத்தைச் சுமக்கும் செல்களைத் தேடிப் பிடித்து அழிக்கிறது. நெதர்லாந்தில் மத நம்பிக்கையால் தடுப்பூசி போடாத சமூகத்தில் 2013இல் மணல்வாரி பரவியது. அப்போது 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2019இல் வந்தது. மற்ற கிருமிகளுக்கு எதிராக ஏற்கெனவே இருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம். நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று மணல்வாரி வந்த குழந்தைகள் அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு அடிபடுவது இதனால்.

மணல்வாரி மணல்வாரிக்கு எதிரான எதிர்ப்பைத் தரும், உண்மை. மற்றதில் ஒரு பகுதியைத் துடைத்துவிட்டுத் தருகிறது. தடுப்பூசி அப்படித் துடைப்பதில்லை. 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கொங்குதேன் எழுதியது:

வேப்பிலையை விடமாட்டேன். ஆனால் பேரனுக்கு இரண்டாவது ஊசி பாக்கி இருக்கிறது, மருமகளிடம் சொல்கிறேன்.

யாழ்வாசி எழுதியது:

நல்ல இழை. டெங்கு பற்றியும் யாராவது சொல்லுங்கோ. 2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு பதிவானது. எங்கட வீட்டிலும் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். முதல் தரம் வந்ததைவிட இரண்டாம் தரம் வந்தால்தான் ஆபத்து என்று டொக்டர் சொன்னார். எதிர்ப்பு இருந்தால் இரண்டாம் தரம் லேசாகத்தானே இருக்க வேணும்? இது தலைகீழாக இருக்கிறதே, நுண்ணோக்கி அண்ணை.

நுண்ணோக்கி எழுதியது:

ஓம், தலைகீழ்தான். டெங்கு வைரஸில் நான்கு வகை. முதல் வகை வந்தால் அதற்கு ஆயுள் முழுக்க எதிர்ப்பு கிடைக்கும். பிறகு இரண்டாம் வகை வரும்போது பழைய எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு ஒட்டாது. எதிர்ப்பொருள் ஒட்டிய எதையும் பிடித்து விழுங்குவது மேக்ரோஃபேஜ் போன்ற செல்களின் வேலை. அவை விழுங்கும். டெங்கு வைரஸ் பெருகுவதே அந்த செல்களுக்குள்தான். நம் எதிர்ப்பொருளே கதவைத் திறந்து உள்ளே அனுப்பிவைக்கிறது. உள்ளே போன பிறகு, ஆபத்து என்று மற்ற செல்களுக்குச் சொல்லும் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையையும் வைரஸ் தன் புரதங்களால் வெட்டிவிடுகிறது.

1960களில் பாங்காக்கில் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்தது இதைத்தான். கடும் டெங்கு இரண்டு கூட்டத்தில் அதிகம்: இரண்டாம் முறை தொற்றிய குழந்தைகள், பிறகு முதல் முறையே தொற்றிய ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட கைக்குழந்தைகள். கைக்குழந்தைக்கு எப்படி? தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறைந்துகொண்டே வந்து அரைகுறை அளவில் நிற்கும் மாதங்கள் அவை. கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது, 1981இல் இரண்டாம் வகை வந்து 158 பேர் இறந்தார்கள். உங்கள் 2017உம் அப்படித்தான். அதற்கு முன் சில வருடம் அங்கே முதல் வகைதான் மேலோங்கியிருந்தது, 2017இல் இரண்டாம் வகை.

சந்தேகப்பிராணி எழுதியது:

அப்படியானால் டெங்கு தடுப்பூசியே ஒரு முதல் தொற்று மாதிரி ஆகிவிடாதா?

இரவுப்பணி எழுதியது:

ஆனது. பிலிப்பைன்ஸில் 2016இல் பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்வாக்ஸியா போட ஆரம்பித்தார்கள். எட்டு லட்சத்துக்கு மேல் குழந்தைகள். 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவித்தது: ஏற்கெனவே டெங்கு வந்தவர்களுக்கு ஊசி நல்லது செய்கிறது, வராதவர்களுக்குப் போட்டால் பிற்பாடு வரும் டெங்கு கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. திட்டத்தை நிறுத்தினார்கள். முதலில் ரத்தம் சோதித்து, முன்பு வந்தவர்களுக்கு மட்டும் போடுங்கள் என்று 2018இல் உலக சுகாதார அமைப்பு சொன்னது. ஹால்ஸ்டெட் இதைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்திருந்தார் என்பதுதான் கசப்பு. அந்தக் கோபத்தில் பிலிப்பைன்ஸ் மக்கள் மணல்வாரி ஊசியையும் நம்பாமல் போனார்கள், 2019இல் அங்கே மணல்வாரி பெரிய அளவில் வந்தது.

வைகைக்கரை எழுதியது:

பயமாக இருக்கிறது. வைரஸின் இந்தத் தந்திரங்களை நமக்கு ஆதாயமாகத் திருப்ப முடியாதா?

நுண்ணோக்கி எழுதியது:

திருப்பியிருக்கிறார்கள். உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். அதுவும் சி.எம்.வி. மாதிரியே துண்டுகளைக் கடத்தும் புரதத்தை அடைக்கும், ஐ.சி.பி.47 என்ற குட்டிப் புரதத்தால். அந்த மரபணுவை வெட்டி எறிந்தார்கள். இப்போது வைரஸ் புகுந்த செல் தன்னை மறைக்க முடியாது. ஐ.சி.பி.34.5 என்ற இன்னொன்றையும் எடுத்தார்கள். தொற்று வந்தவுடன் புரத உற்பத்தியை நிறுத்திவிடும் பழக்கம் நல்ல செல்லுக்கு உண்டு, அதை முறியடிக்கத்தான் அந்த மரபணு. அது இல்லாமல் வைரஸ் நல்ல செல்லில் தேங்கிவிடும். பல புற்று செல்களில் இந்தப் பழக்கமே பழுதாகி இருப்பதால் அங்கே மட்டும் பெருகும். கூடவே எதிர்ப்புச் செல்களை வரவழைக்கும் ஒரு மனித மரபணுவையும் செருகினார்கள்.

இதை மெலனோமா என்ற தோல் புற்றுக் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள். டி-வெக் என்று பெயர், 2015இல் அமெரிக்காவில் அனுமதி. பெரிய அதிசயம் என்று சொல்லமாட்டேன். 436 பேரிடம் நடந்த சோதனையில் நீடித்த பலன் கிடைத்தது 16 சதவீதத்தினருக்கு, ஒப்பீட்டு மருந்தில் 2 சதவீதம். ஆனால் ஒளியும் வழியைப் பிடுங்கிவிட்டு வைரஸை மருந்தாக்கும் யோசனை அனுமதி வாங்கும் அளவுக்கு வந்துவிட்டது.

சந்தேகப்பிராணி எழுதியது:

கடைசியாக ஒன்று. புற்றுக்குப் போட்ட ஊசியிலிருந்தே ஆளுக்கு ஹெர்பிஸ் தொற்று வந்துவிட்டால்?

இரவுப்பணி எழுதியது:

வர வாய்ப்பு உண்டு. அதனால்தான் எதிர்ப்பு மிகவும் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைப் போடுவதில்லை, போட்ட இடத்தைக் கட்டுப் போட்டு மூடிவைக்கச் சொல்கிறார்கள். வந்தால் அசைக்ளோவிர் கேட்கும். அந்த மருந்தைச் செயல்படவைக்கும் வைரஸ் நொதி ஒன்று உண்டு, தைமிடின் கைனேஸ். வைரஸை வெட்டித் திருத்தியபோது அதன் மரபணுவைத் தொடாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.